கரையில் கல்லாத பாடம்

பின்னலாடை நகரத்துப் பிள்ளைகளுக்குத் துணி தெரியும். விரலிடையே ஒருமுறை உருட்டிப் பார்த்து, இது ரிப் பின்னல், இது இன்டர்லாக் பின்னல் என்று பிரித்துச் சொல்லும் சிறுவர்கள் திருப்பூரில் பலர். தையல் பிசகிய இடத்தைத் தாய்க்கு முன்பே கண்டு சுட்டும் சிறுமியரும் உண்டு. கூர்ந்து நோக்குதலே இந்நகரின் தொழில் என்பதால் அத்திறம் அவர்களுக்கு வீட்டிலேயே வாய்த்துவிடுகிறது. ஆயினும், வாசலில் நிற்கும் மரம் வேம்பா, புங்கா என்று அதே பிள்ளையிடம் கேட்டால் விழிக்கிறது. பள்ளி வாகனத்தில் நாள்தோறும் பாலமேறிக் கடக்கும் நீரோட்டம் எது என்று கேட்டால், சாக்கடை என்று விடை கூறுகிறது. அப்பிள்ளையைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அது நொய்யல் என்னும் ஆறு என்று கைப்பிடித்து நடத்திச் சென்று நாம் ஒருநாளும் காட்டவில்லை.

உள்ளூரின் குளக்கரை, ஓடை, வேலி, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றினூடே பிள்ளைகளை நடத்திச் சென்று கற்பிக்கும் நடைப்பாடத்தை நல்ல பொழுதுபோக்கு என்று பலர் கருதுகின்றனர். தேர்வு முடிந்தபின் கிடைக்கும் ஓய்வுநாளில், விருப்பமுள்ளோர் செய்துகொள்ளத்தக்க கூடுதற் சிறப்பு என்று பள்ளிகள் கருதுகின்றன. நாம் அவ்வாறு கருதவில்லை. எழுத்தும் எண்ணும் எவ்வளவு இன்றியமையாதனவோ, தான் வாழும் மண்ணைத் தன் கண்ணால் பார்த்து அறிதலும் அவ்வளவு இன்றியமையாதது. வேறெந்த ஊர் இதை மறந்தாலும் திருப்பூர் மறத்தல் தகாது. பாராமுகத்துக்கு எத்துணை விலை கொடுக்க நேரும் என்பதை இவ்வூரைப்போல் நன்கறிந்த ஊர் தமிழகத்தில் வேறில்லை.

நொய்யலின் கதையை ஈண்டு நினைவுகூர வேண்டியுள்ளது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றுக்குக் காஞ்சிமாநதி என்பது பழம்பெயர். இதன் நீரைத் தடுத்தும் திருப்பியும் அணைக்கட்டுகளும் குளங்களும் வாய்க்கால்களுமாக ஒரு சங்கிலியை நம் முன்னோர் கோத்து வைத்தனர். ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அடுத்த குளம் நிரம்பும். இவ்வாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் இரும்பை உருக்கிய உலைகளையும் மணிகளைக் கடைந்த பட்டறைகளையும் நூல் நூற்ற தக்களிகளையும் வெளிக்கொணர்ந்தன. சங்க நூலான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்பெறும் ஊர் அதுவே என்பது ஆய்வாளர் கருத்து. ஆகவே நூலும் ஆறும் இம்மண்ணில் நேற்றுச் சேர்ந்தவை அல்ல. ஈராயிரம் ஆண்டுகளாக அருகருகே வாழ்ந்தவை. ஒன்று மற்றொன்றை அழித்தது நம் காலத்தில்தான்.

சுற்றுச்சூழலை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு நவம்பரில் ஆணையிட்டது. அடுத்த ஆண்டு, திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. உழவருக்கு நீர் தருவதற்கென்று எழுந்த அவ்வணை, திருப்பூரில் துணிக்குச் சாயமேற்றும் பட்டறைகள் ஆற்றில் விட்ட கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாக மாறியது. ஒருபுறம் வகுப்பறைகளில் சுற்றுச்சூழல் பாடம் நடந்தது. நீர் மாசு யாது, அதன் வகைகள் எத்தனை என்ற வினாக்களுக்குப் பிள்ளைகள் விடையெழுதி மதிப்பெண் பெற்றனர். மறுபுறம், பள்ளிச் சுவரிலிருந்து கூப்பிடு தொலைவில், அந்தந்த நாள் தோய்த்த சாயத்தின் நிறத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பாடநூலில் இருந்த மாசும் ஆற்றில் ஓடிய மாசும் ஒன்றே என்று இணைத்துக் காட்ட ஒருவரும் முன்வரவில்லை.

பார்த்தவர்களே இல்லை என்று கூறுவது பிழையாகும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் பயிர் கருகக் கண்ட உழவர்கள் பார்த்தனர். கிணற்று நீர் உப்பாகி, தென்னை குரும்பை உதிர்த்து நிற்பதைக் கண்டனர். நொய்யலின் பாசன உழவர்களான ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடி நீதிமன்றம் சென்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2009இல் அங்கும் உழவர் பக்கமே தீர்ப்பாயிற்று. கழிவுநீரை ஒரு துளியும் வெளியேற்றாத நிலையை எய்தாததால், 2011ஆம் ஆண்டு சனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன. வேலையிழந்தோர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திரும்பினர். கரையில் நின்று கற்றிருக்க வேண்டிய பாடத்தை நாம் நீதிமன்றக் கூண்டில் நின்று கற்றோம்.

அதன்பின் நீரை மீட்டெடுக்கும் எந்திரங்களும் உப்பைப் பிரித்தெடுக்கும் கலன்களும் பெரும்பொருட்செலவில் வந்தன. கழிவை ஒரு துளியும் வெளிவிடாத முறையை ஒரு தொழில்நகரம் முழுவதும் ஏற்றுக்கொண்டது பாராட்டுக்குரிய செயலே. எனினும் எந்திரத்தை ஓட்டுபவனும் மனிதன். நள்ளிரவில் கழிவுக்குழாயை ஆற்றில் திறந்துவிடுபவனும் மனிதன். அந்த ஆற்றைத் தன் ஆறு என்று அறிந்து வளர்ந்தவன் கை குழாயைத் திறக்கக் கூசும். சட்டம் அச்சத்தைத் தரலாம். கூச்சத்தைத் தர வல்லது இளமையில் பெற்ற பழக்கம் ஒன்றே.

இப்பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது எங்ஙனம்? அதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, வேலியோரம் போதும். தையல்சிட்டு என்றொரு சிறு பறவை நம் வீட்டுத் தோட்டங்களிலேயே வாழ்கிறது. அகன்ற இலையொன்றை வளைத்து, அதன் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் அத்துளைகளின் வழியே இழுத்து, நூலின் நுனியை விரித்துப் பிடிப்பாக்கி, இலையைப் பையாகத் தைத்துவிடுகிறது. பெண் பறவையே இத்தையலைச் செய்கிறது. பகலெல்லாம் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தாயின் பிள்ளை இக்காட்சியை ஒருமுறை கண்டுவிட்டால், தாயின் தொழிலையும் மதிக்கும், பறவையின் தொழிலையும் மதிக்கும். இவ்விரு மதிப்பையும் ஒருசேரத் தரும் பாடநூல் இன்னும் எழுதப்படவில்லை.

தூக்கணாங்குருவியின் செய்தி இதனினும் சுவையானது. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து, ஆண் குருவி கூட்டைப் பாதிவரை பின்னுகிறது. பிறகு அதில் தொங்கிச் சிறகடித்துப் பெண் குருவியை அழைக்கிறது. பெண் வந்து உள்ளும் புறமும் ஆராய்கிறது. பிடித்திருந்தால் கூடு நிறைவு பெறும். பிடிக்காவிடில் பாதியில் கைவிடப்படும். ஏற்றுமதிச் சரக்கைச் சோதித்து ஒதுக்கும் செக்கிங் மேசையைக் கண்டு பழகிய பிள்ளைக்கு இதை விளக்கிக் கூற ஆசிரியரே தேவையில்லை. வேலையின்றி இருந்த காலத்தில், 1930ஆம் ஆண்டு, கொங்கண் கரையோரக் கிஹிம் என்னும் சிற்றூரில் தாம் தங்கியிருந்த வீட்டருகே, ஏணியொன்றின்மீது அமர்ந்து நாள்தோறும் நோக்கியே இக்குருவியின் இல்வாழ்வு முழுவதையும் பறவையியல் அறிஞர் சாலிம் அலி கண்டறிந்தார். ஆய்வுக்கூடமோ உதவித்தொகையோ அப்போது அவருக்கு இல்லை. பொறுமையும் குறிப்பேடுமே இருந்தன. நம் பிள்ளைகளுக்கு அவ்விரண்டையும் தருதல் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதா?

இவ்வாறு கூர்ந்து நோக்கி உழைப்பை மதிப்பது நடைப்பாடத்தின் முதற்பயன் என்றால், ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் காரணகாரியத் தொடர்ச்சியை அறிவது இரண்டாவது பயன். சாலையோரத்து எருக்கஞ்செடியைக் களை என்று நாம் ஒதுக்குகிறோம். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி அச்செடியைத் தேடி வந்து முட்டையிடுகிறது. முட்டையினின்று வெளிவரும் புழு எருக்கிலையைத் தின்று, அதன் நச்சுப்பாலைத் தன் உடலில் சேமிக்கிறது. அந்நஞ்சு பூச்சியான பின்னும் உடலில் தங்குவதால், ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை அதனை நாடாது. ஒரு களைச்செடியின் முன் கால்மணி நேரம் நின்ற பிள்ளை, செடி, புழு, பூச்சி, பறவை என்ற நான்கையும் ஒரே இழையில் கோத்துப் பார்த்துவிடுகிறது. துணியில் ஓரிழை அறுந்தால் வரிசையாகக் கண்ணிகள் விட்டுப்போகும் என்பதைப் பின்னலாடை நகரத்துப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

அவ்விழையைப் பற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தால் மேலும் ஓர் உண்மை விளங்கும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்க, உப்பு நீரில் தங்கிவிடுகிறது. நிறத்தை நீக்குவது எளிது. கரைந்த உப்பை நீக்குவது அரிது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த தொடக்க ஆண்டுகளில் நீரின் நிறம் தெளிந்தும் நிலம் தெளியாமற்போனது இதனால்தான். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று என்னும் பாடம் கண்ணாடிக் குடுவையிலும் கிடைக்கும். ஆனால் கரையில் எந்தச் செடி பட்டுப்போயிற்று, உவர்நிலத்தில் தாங்கும் எந்தச் செடி அவ்விடத்தைப் பிடித்தது என்று பார்க்கக் கற்றவனுக்கே அது வாழ்நாள் அறிவாகும்.

மூன்றாவது பயன் மொழியைச் சார்ந்தது. தமிழர் தம் நிலங்களுக்கு அங்கு மலரும் பூவாலும் அங்கு நிற்கும் மரத்தாலும் பெயரிட்டவர்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பன முதலில் செடிகொடிகள். பின்னரே இலக்கண வகைகள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிச் செல்வதை நாம் மேடைதோறும் பெருமையோடு பேசுகிறோம். அவற்றுள் ஒன்பதை நேரில் கண்டு பெயர் சொல்லும் மாணவர் எத்தனை பேர்? மனப்பாடம் செய்த பெயருக்கும் கண்ட பொருளுக்கும் இடையே விழுந்த பிளவைப் பாடநூல் மூடாது, கால்தான் மூடவேண்டும். காங்கேயம் பக்கம் நடந்து பாருங்கள். கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம் அங்குண்டு. கொழுக்கட்டைப்புல் படர்ந்து, இடையிடையே வெள்வேல் நிற்க, நாற்புறமும் கிளுவை உயிர்வேலியாய்ச் சூழ்ந்திருக்கும். மழை குறைந்த அந்நிலத்தில் காங்கேயம் காளையை வளர்த்தது எந்த அரசுத் திட்டமும் அன்று. புல்லும் மரமும் வேலியும் சேர்ந்த அவ்வேளாண் அறிவே. கிளுவை என்னும் அச்சொல்லுக்கே மற்றொரு பொருளும் உண்டு. குளிர்காலத்தில் நம் குளங்களுக்கு வலசை வரும் சிறு வாத்துக்கும் அதுவே பெயர். வேலியையும் வாத்தையும் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அச்சொல் இருமடங்கு உயிருடையது; காணாத பிள்ளைக்கு அது அகராதியில் ஒரு வரி.

தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் தமிழில் சூழலியல் எழுத்துக்கு நற்சொற்களைத் தேடித் தந்தவர். அவருக்கு முன்பே காட்டுயிரைப் பற்றித் தமிழில் எழுதியவர் மா. கிருஷ்ணன். பறவைக்கும் விலங்குக்கும் தமிழில் பெயர் இல்லை என்ற சோம்பற் சாக்கை இவ்விருவரும் பொய்யாக்கினர். பெயர்கள் உள்ளன. அவை ஆடு மேய்ப்பவரிடமும், குளத்தில் வலை வீசுபவரிடமும், பனையேறியிடமும், மூலிகை பறிக்கும் மூதாட்டியிடமும் உள்ளன. நடைப்பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று வருந்தும் பள்ளிகள் இவர்களை ஒருநாள் வகுப்புக்கு அழைக்கட்டும். கல்லாதவர் என்று நாம் ஒதுக்கியோர் ஆசிரியராய் முன்னே நடக்க, மாணவர் பின்னே நடப்பது நம் பள்ளிகளுக்குத் தேவையான காட்சி.

நான்காவது பயனைத் திருப்பூரைப் போன்ற ஊர்களே முழுமையாக உணர முடியும். மதுரை, தேனியிலிருந்து வந்தோர் மட்டுமன்றி, ஒடிசா, பீகார், சார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகளும் இந்நகரப் பள்ளிகளில் பயில்கின்றனர். வகுப்பறையில் அவர்கள் பின்வரிசை. மொழி தெரியாமையால் வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். குளக்கரைக்கு வந்ததும் வரிசை குலைந்துவிடும். வேம்பை நீம் என்றும் மயிலை மோர் என்றும் அப்பிள்ளை சொல்லும். மைனா இரு மொழியிலும் மைனாவே. சிற்றூரில் வளர்ந்த பிள்ளையாயின், நகரத்துத் தோழன் காணாத பாம்புத்தடத்தையும் நண்டு வளையையும் முதலில் காண்பது அதுவாகவே இருக்கும். ஓராண்டு முழுவதும் கற்பவனாகவே இருந்த பிள்ளை, ஒருநாள் கற்பிப்பவனாகிறான். ஊருக்கு வந்தவனை ஊரவனாக்கும் வழிகளில் இதைவிட எளியதொன்றை நாம் அறியோம்.

ஐந்தாவது பயன் உடலைப் பற்றியது. சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்று நம் பெற்றோர் அறியத்தக்கது. பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் கழித்த குழந்தைகளில் மூன்றாண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை தோன்றியது. அவ்வாறு கழிக்காதோரில் அது 39.5 விழுக்காடு. கைப்பேசித் திரையைக் கண்ணருகே வைத்து வளரும் தலைமுறைக்கு வானத்தின் ஒளியும் தொலைவும் மருந்தாகின்றன. தொலைவில் பார்க்கும் பழக்கத்தைக் கண் இழந்தால், கருத்தும் அதனை இழக்கத் தொடங்கும் என்று அஞ்சுகிறோம்.

நடப்பதற்கு இடம் எங்கே என்று கேட்போருக்கு நஞ்சராயன் குளம் தக்க விடை. பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்னும் அரசன் சீரமைத்ததாகக் கூறப்படும் இக்குளம் நல்லாற்று மழைநீரை நம்பி நிற்பது. 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024 ஆகஸ்டில் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் எய்தியது. ஏறக்குறைய 126 எக்டேர் பரப்பில் 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் பதிவாகியுள்ளன. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வடபுலக் குளிரை விட்டு வந்திறங்கும் இந்நீர்நிலைக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நெடுந்தொலைவில்லை. இது வானத்திலிருந்து விழுந்த வரமும் அன்று. திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்தோர் ஆண்டுக்கணக்கில் குளக்கரையில் நின்று பறவைகளை எண்ணிப் பதிந்தனர். மாணவர்களை அழைத்து வந்து காட்டினர். அப்பதிவுகளே இக்குளத்தின் பெருமைக்குச் சான்றாயின. பார்த்தவர் இருந்தமையால் குளம் பிழைத்தது. பாராதவர் மிகுந்தமையால் ஆறு நலிந்தது. ஒரே ஊரின் இவ்விரு கதைகளுக்கு அப்பால் நம் கூற்றுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் எல்லாப் பள்ளிகளும் நஞ்சராயன் குளத்துக்குப் பேருந்துகளில் படையெடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஆரவாரத்தோடு சென்று, தின்பண்டப் பொதிகளைக் கரையில் இறைத்துத் திரும்புவது சுற்றுலா, அது கல்வியாகாது. புகழ்பெற்ற நீர்நிலையைக் கேளிக்கைப் பூங்காவாக்கும் முயற்சிக்கு அரசும் மாநகராட்சியும் இடங்கொடாமல் காத்தல் வேண்டும். பறவைக்கு வேண்டியது இருளும் அமைதியும்; வண்ண விளக்கும் ஒலிபெருக்கியும் அவற்றுக்குப் பகை. பிள்ளைகளுக்கு வேண்டியதும் வேறன்று. தத்தம் பள்ளிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஓரிடம் போதும். ஆண்டிபாளையம் பள்ளிக்கு ஆண்டிபாளையம் குளம்; மண்ணரைக்கு மூளிக்குளம்; சாமளாபுரத்துக்குச் சாமளாபுரம் குளம்; மற்றவற்றுக்கு ஓர் ஓடை, ஓர் ஆலமரம், கோயில் நந்தவனம், குடியிருப்பின் ஒதுக்குப்புறம். 2015இல் தொடங்கிய வனத்துக்குள் திருப்பூர் இயக்கம் நட்டு வளர்த்த மரத்தோப்புகளும் உள்ளன. இடம் சிறிதாயினும் திரும்பத் திரும்பச் செல்வதே முதன்மை. தையில் இலையுதிர்த்து நின்ற மரம் பங்குனியில் தளிர்ப்பதையும், ஆடிக் காற்றில் கிளை முறிந்ததையும், ஐப்பசி மழையில் அதன் அடியில் தவளை கத்தியதையும் ஒரே பிள்ளை ஓராண்டில் காண வேண்டும்.

இதற்கு எழும் தடைகளை நாம் அறியாமலில்லை. தேர்வுச்சுமை என்பர். மாதம் ஒரு காலையில் இரண்டு மணி நேரம் தேர்வைக் கவிழ்த்துவிடாது. அறிவியலும் தமிழும் புவியியலும் அவ்விரண்டு மணி நேரத்திற்குள் அடங்கியிருக்கின்றன. பாம்பும் வெயிலும் அஞ்சத்தக்கன என்பர். அச்சம் நியாயமானதே. ஆகவே வெயில் ஏறுமுன் நடக்க வேண்டும், காலணி வேண்டும், பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும், நீரில் இறங்கலாகாது, கூட்டைத் தொடலாகாது. இவை கடினமான விதிகள் அல்ல. பெற்றோர் அழைத்துச் செல்லட்டும் என்று சில பள்ளிகள் தட்டிக்கழிக்கின்றன. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு திரும்பும் தாய்தந்தையரிடம் இதைக் கூறுவது இரக்கமற்ற செயல். அவர்களது ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவுமே போதவில்லை. வாய்ப்புள்ள வீட்டுப் பிள்ளை விடுமுறையில் ஊட்டி செல்லும். தொழிலாளியின் பிள்ளைக்கு உள்ளூர்க் குளமும் கிடையாது என்றால், அந்நிலையைச் சரிசெய்ய வேண்டிய கடமை பள்ளிக்கே உரியது. பள்ளி வேளையிலேயே, பள்ளியின் பொறுப்பிலேயே இந்நடை நிகழ வேண்டும்.

ஆசிரியருக்குப் பெயர்கள் தெரியா என்பது இறுதித் தடை. மௌன வசந்தம் என்னும் சூழலியல் நூலை எழுதிய ரேச்சல் கார்சன் அந்நூலுக்கு ஆறாண்டுகள் முன்பே, 1956இல், இதற்கு விடை கூறிவிட்டார். தம் உறவுச் சிறுவனோடு கடற்கரையிலும் காட்டிலும் நடந்த பட்டறிவிலிருந்து அவர் கண்டது, குழந்தைக்கு வேண்டியவர் எல்லாம் அறிந்த பெரியவர் அல்லர், தன்னோடு சேர்ந்து வியக்கும் பெரியவர் என்பதே. தெரியவில்லை, வா பார்ப்போம் என்று ஆசிரியர் ஒருமுறை மாணவரிடம் கூறுவாராயின், அச்சொல்லே பெரும்பாடமாகும். பெயர் நாளை கிடைக்கும். தமிழகத்தில் 2015 முதல் பொங்கலையொட்டி நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் கால்மணி நேரம் பார்த்து எண்ணும் எவரும் பங்கு கொள்ளலாம். அதற்குப் புலமைத் தகுதி எதுவும் கேட்பதில்லை. ஆசிரியரும் மாணவரும் அங்கிருந்தே தொடங்கலாம்.

நாம் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. திருப்பூர் மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளியும் ஒரு கரையேட்டைத் தொடங்கட்டும். தனக்கு அணித்தான நீர்நிலையையோ ஓடையையோ மரத்தையோ தெரிவு செய்து, மாதந்தோறும் அங்கு நடந்து சென்று, நாள், நீரின் அளவு, நிறம், மணம், கண்ட பறவை, பூத்த செடி, கிடந்த குப்பை ஆகியவற்றைப் பிள்ளைகளே தம் கைப்பட எழுதட்டும். ஒரு வகுப்பு முடித்துச் செல்லும்போது அடுத்த வகுப்பிடம் அவ்வேட்டை ஒப்படைத்துச் செல்லட்டும். வெளிநாட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு சட்டைக்கும் அளவும் எடையும் சாயத்தின் உறுதியும் எழுதிவைக்கும் நகரம் இது. ஒரு சிறு பிசகுக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்கைத் திருப்பியனுப்பும் வாங்குவோரிடம் பழகிய நகரம் இது. துணிக்குக் காட்டும் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தன் ஆற்றுக்குக் காட்டினால் போதும். பின்னலாடை நிறுவனங்கள் இப்பள்ளிகளுக்குக் குறிப்பேடும் தொலைநோக்கியும் வாங்கித் தரலாம். கல்வித் துறை நாட்காட்டியில் நாளொன்றை ஒதுக்கலாம். வனத் துறை வழிகாட்டிகளை அனுப்பலாம். எவர் தரினும் தராவிடினும் ஏட்டைத் தொடங்க ஒரு பேனா போதும்.

இருபதாண்டுகள் கழித்து அவ்வேடுகளை எடுத்துப் புரட்டுவோர் ஓர் ஊரின் நீர் எவ்வாறு மாறியது என்பதை அதன் பிள்ளைகளின் கையெழுத்திலேயே படிப்பர். நொய்யல் நிறம் மாறிய ஆண்டுகளில் அத்தகைய ஏடு ஒன்று நம் பள்ளிகளில் இருந்திருந்தால், உழவர் சான்று தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை. பட்டறைகளும் ஒருநாளில் அடைபட்டிருக்க வேண்டியதில்லை. இழந்த அந்த ஆண்டுகளின் பக்கங்களை இனி எவராலும் நிரப்ப இயலாது. இம்மாதத்தின் பக்கம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. நாளைக் காலை வெயில் ஏறுமுன், ஒரு பிள்ளை கரையில் நின்று அன்றைய தேதியை எழுதி, அதன்கீழ் நீரின் நிறம் என்று எழுதட்டும்.